மூன்று மாதமாக வெல்டிங் ராடு எரிக்கிறேன், கை வரவில்லை. என்ன செய்வது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருவொற்றியூர்க்காரர், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். வெல்டிங் பற்றிக் கிடைத்த வீடியோவெல்லாம் பார்த்திருக்கிறார், ஒரு நோட்டு நிறையக் குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறார். மணலியில் ஒரு கான்ட்ராக்டரிடம் பைப் வெல்டர் வேலைக்கு டிரேட் டெஸ்ட்டுக்கு (வெல்ட் போட்டுக் காட்டுகிற தேர்வு) போனபோது ரூட் பாஸிலேயே, அதாவது ஜாயின்ட்டின் அடியில் போடுகிற முதல் ஓட்டத்திலேயே, நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதமாக, தெரிந்தவர் பட்டறையில் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை விடாமல் பழகுகிறார். முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. "10,000 மணி நேரம் பழகினால்தான் எதுவும் வருமாமே, உண்மையா? இல்லை, எனக்குக் கைவாகே கிடையாதா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் மணிக்கணக்கைக் கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கிற கேள்வி வேறு. தலைக்குத் தெரிந்தது கைக்கு ஏன் இறங்கமாட்டேன் என்கிறது, அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தால் இறங்கும் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன். கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் எண்ணூர், மணலிப் பக்கம் பைப் வெல்டராக இருந்துவிட்டு, இப்போது புதிதாக வருகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் வெல்டிங் சொல்லித் தருகிறேன். வெல்டிங் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். பயிற்சி பற்றிய ஆராய்ச்சிகளைச் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் தேடிப் படித்தவன்தானே தவிர மனோதத்துவம் படித்தவன் இல்லை. உங்கள் பிளேட்டை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே உங்கள் கையில் என்ன கோளாறு என்று இங்கிருந்து சொன்னால் அது ஜோசியம். அதை நீங்களே கண்டுபிடிக்கிற வழியைச் சொல்ல முடியும்.

முதலில் வீடியோ. 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேஜை மேல் தட்டு, டம்ளரெல்லாம் இருக்க, விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவுகிற வித்தை ஒன்று உண்டே, அதன் வீடியோவை ஒரு முறை பார்த்தவர்களைவிட 20 முறை பார்த்தவர்கள் தங்களுக்கும் அது வரும் என்று அதிகமாக நம்பினார்கள். டார்ட் எறிகிற விளையாட்டிலும் இதே கதை. அதில் நிஜமாகவே எறியவும் வைத்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஏறியிருந்தது, குறி ஏறவில்லை. உங்கள் நோட்டும் வீடியோக்களும் சேர்ந்து உங்களுக்குச் செய்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். தேர்வு நடக்கிற இடத்தில் போய் நின்ற பிறகுதான் கேபிள் மணிக்கட்டை எந்தப் பக்கம் இழுக்கும், முழங்கை எங்கே இடிக்கும், ராடு எரிந்து குறையக் குறையக் கை எவ்வளவு உள்ளே இறங்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். எந்த கேமராவிலும் இது விழாது.

அதற்காக நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதை வைத்துக் கையை ஓட்டப் பார்க்காதீர்கள், கை செய்த தப்பு என்னவென்று சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, பீடின் (உருகி உறைந்த வெல்ட் வரியின்) ஓரத்தில் வாய்க்கால் மாதிரி அண்டர்கட் விழுகிறது. ஒன்றும் தெரியாதவன் "சரியா வரலை" என்று அடுத்த ராடை எடுப்பான். உங்களுக்கோ ஆர்க் நீளம் (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளி) அதிகம், கரண்ட் ஜாஸ்தி, ஓரத்தில் நின்று நிரப்பாமல் நகர்ந்துவிட்டது என்று மூன்று காரணம் தெரியும். அப்படியானால் இன்றைக்கு கரண்டை மட்டும் பத்து ஆம்பியர் குறைத்துப் பார்க்கலாம், மற்ற இரண்டையும் தொட வேண்டாம். படித்ததும் கையும் சந்திக்கிற இடம் இதுதான். நான் பார்த்தவரை, தன் தப்பைத் தானே பார்க்கத் தெரிந்த அளவுக்குத்தான் ஒருவனுக்குக் கை வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தப்பை எத்தனை ராடு எரித்தாலும் கை திருத்திக்கொள்ளாது. இது என் பட்டறை அனுபவம். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் சாய்கிறது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டர்ஸ் எரிக்சன் என்று ஸ்வீடனில் பிறந்த ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர். 1993-இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பயிற்சி பற்றி இன்று உலகத்தில் ஓடுகிற பாதிப் பேச்சுக்கு அதுதான் தொடக்கம். வேலை செய்வது, பொழுதுபோக்காக வாசிப்பது, பயிற்சி செய்வது மூன்றையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்தார்கள். பயிற்சி என்றால் தனக்கு இன்னும் வராத ஒரு குறிப்பிட்ட அம்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தவுடன் சரியா தப்பா என்று தெரிய வேண்டும். திருத்தி மறுபடி செய்ய வேண்டும். பொதுவாக அது சுகமான காரியமாக இருக்காது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நம் ஏரியாவில் இது புரிய கேரம் போர்டைப் பார்த்தால் போதும். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பிறகு கேரமுக்கு மரியாதை கூடியிருக்கிறது. அதற்கு முன்பும் தெருமுனை மன்றங்களில் போர்டு சும்மா கிடந்ததில்லை. அங்கே கண்டிப்பாக ஒரு மாமா இருப்பார், இருபது வருடமாக ஆடுகிறவர். நல்ல ஆட்டம்தான், ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன்பு எப்படி ஆடினாரோ அப்படியேதான் இன்றும் ஆடுவார். ஏனென்றால் அவர் ஆடுவது கேம். கேமில் வருகிற ஷாட்டை அடிப்பார், வராத ஷாட்டைத் தவிர்த்து வேறு காயைப் பார்ப்பார். அவருக்கு வராத அந்த ஒரு கட் ஷாட் ஒரு போர்டுக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். பழகுகிற பிள்ளை என்ன செய்யும்? யாரும் எதிரே இல்லாதபோது காயை அதே இடத்தில் வைத்து, அதே ஷாட்டை, போகிற வரைக்கும் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதைப்போல் போரடிக்கிற காட்சி கிடையாது.

நீங்கள் மூன்று மாதமாகச் செய்வது அந்த மாமாவின் வேலை என்று நினைக்கிறேன். "தினமும் எட்டு, பத்து ராடு எரிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக எரித்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. பிளேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு ஓட்டம், ஸ்லாக்கை (வெல்ட் மேல் படிகிற கசடு) தட்டிப் பார்த்தால் பரவாயில்லை, அடுத்த ஓட்டம். அப்படி ஓட்டினால் உங்களுக்கு ஏற்கெனவே வருகிற பகுதிதான் மெருகேறும்.

ரூட்டில் தள்ளப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு நடு ஓட்டத்தில் இருக்காது. ஆர்க் அடித்துத் தொடங்குகிற இடம், ராடு தீர்ந்து நிறுத்துகிற இடம், அடுத்த ராடு மாட்டி மறுபடி பிடிக்கிற இடம், டேக் (துண்டுகளை நிறுத்தி வைக்க முன்பே போட்ட சின்ன வெல்ட்) மேல் ஏறிச் சேர்கிற இடம் ஆகியவற்றில்தான் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் ரூட் இறங்காமல் போகும், ஸ்லாக் மாட்டிக்கொள்ளும், துளை விழும். ஒரு முழு ராடுக்கு இந்த இடம் ஒரு தடவைதான் வரும். எட்டு ராடு எரித்தால் எட்டு தடவை, அதிலும் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோகிற எட்டு தடவை.

அதனால் ஒரு வாரத்துக்கு முழு ஓட்டத்தை நிறுத்துங்கள். காயலான் கடையில் 10 எம்.எம். பிளேட் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். பெவல் அடித்து (விளிம்பைச் சரிவாகச் சீவி), இரண்டரையிலிருந்து மூன்று எம்.எம். கேப் (இடைவெளி) வைத்து டேக் போடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஸ்லாக்கைத் தட்டி, வயர் பிரஷ் போட்டு, நிறுத்திய முனையை கிரைண்டரால் சரிவாக இழுத்துவிடுங்கள். பிறகு அந்த முனைக்குச் சற்றுப் பின்னால், போட்ட பீடின் மேலேயே ஆர்க் அடித்து, சூடேற்றிக்கொண்டே முன்னால் வந்து, சரிவின் நுனியில் கீஹோல் (சாவித்துவாரம் மாதிரி உருகித் திறக்கிற ஓட்டை) திறந்ததும் ராடை உள்ளே தள்ளி ஓட்டத்தைப் பிடியுங்கள். மறுபடி இரண்டு சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். ஒரு சாண் பிளேட்டில் பத்து ரீஸ்டார்ட் வந்துவிடும். 7018 என்ற வகை ராடு என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி எரித்து நிறுத்தினால் நுனி கண்ணாடி பூசின மாதிரி மூடிக்கொள்ளும், அடுத்த ஆர்க் பிடிக்காது. அதை லேசாகத் தட்டி உடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஓங்கித் தட்டினால் பூச்சு உதிர்ந்து, தொடங்குகிற இடத்திலேயே போரோசிட்டி (காற்றுத் துளைகள்) வரும். இந்தத் தட்டுகிற பதம்கூட வீடியோவில் கிடைக்காத சமாச்சாரம்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் இருக்க வேண்டும். முதல் நாள் ஆர்க் அடிக்கிற இடம் மட்டும். மறுநாள் கீஹோல் திறக்கிற அந்த நொடி மட்டும். காதையும் வையுங்கள்: ஆர்க் நீளம் சரியாக இருந்தால் சத்தம் எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். படபடவென்று வெடித்தால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அமுங்கிப்போய் ராடு ஒட்டப் பார்த்தால் ரொம்ப இறக்கிவிட்டீர்கள்.

இனி பலன் தெரிகிற வழி. எக்ஸ்ரே எடுக்க உங்களிடம் வசதி இருக்காது, தேவையும் இல்லை. இரண்டு பிளேட்டை டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்ட் போடுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்ட் இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, வெல்ட் உள்ள பக்கமாகச் சாய்த்து உடையுங்கள். முகத்தில் கண்ணாடி கட்டாயம். உடைந்த முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நொறுநொறுவென்று மணி மணியாக இருந்தால் இரும்பு நன்றாகக் கலந்திருக்கிறது. அடியில் கறுப்புக் கோடு இருந்தால் ஸ்லாக் மாட்டியிருக்கிறது. உருண்டைத் துளைகள் இருந்தால் காற்று. பிளேட்டின் வெட்டின விளிம்பு வெட்டினபடி கூராகவே தெரிந்தால் அந்த இடம் உருகவே இல்லை, மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

உடைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் செய்வதில்லை, நான் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கிறேன். சாக்பீஸ் எடுத்து, எந்த இடத்தில் கோளாறு இருக்கும் என்று பீட் மேலேயே குறியுங்கள். "இங்கே கை நடுங்கியது, ஸ்லாக் இருக்கும், இங்கே வேகமாகப் போய்விட்டேன், ரூட் இருக்காது." பிறகு உடைத்து ஒப்பிடுங்கள். முதல் நாட்களில் குறி ஒரு பக்கம், கோளாறு ஒரு பக்கம் இருக்கும். குறியும் கோளாறும் ஒரே இடத்தில் விழத் தொடங்கியதென்றால் உங்கள் கண் தேறிவிட்டது. அதற்குப் பிறகு கை தேற அதிக நாள் பிடிப்பதில்லை. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கேட்காதீர்கள், என்னிடம் படித்தவர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லாத் தப்பையும் கை மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நம் பக்கம் கடல் காற்று. 7018 மாதிரி லோ ஹைட்ரஜன் ராடு ஈரத்தை இழுக்கும். கம்பெனி வேலையில் அதை ஓவனில் வைத்துச் சுட்டு, பிறகு சூட்டிலேயே வைத்திருந்து எடுத்துக் கொடுப்பார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். தெருப் பட்டறையில் போன தீபாவளிக்குப் பிரித்த பாக்கெட் அலமாரி மேல் இருக்கும். அதை எடுத்துப் பழகிவிட்டு, பீட் முழுக்கத் துளை விழுகிறதே என்று நீங்கள் மனசு ஒடிந்துபோனால் யார் மேல் தப்பு? பார்க்க எளிய வழி: அதே ராடு, அதே மெஷின், பட்டறை மேஸ்திரியை ஒரு பீட் போடச் சொல்லுங்கள். அவருக்கும் துளை விழுந்தால் ராடை மாற்றுங்கள். சாயங்காலம் எல்லாப் பட்டறையும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியே பக்கத்துப் பார்வையை ஒரு தடவை கண் டாக்டரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். கீஹோல் தெரியவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குத் தேவை பவர் கண்ணாடிதான், பயிற்சி இல்லை.

எவ்வளவு நேரம் பழகுவது என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்கு கீபோர்டில் டைப் அடிக்கச் சொல்லித் தர வேண்டியிருந்தது. சிலருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு நாளுக்கு நாலு மணி நேரம் என்று பிரித்தார்கள். ஆலன் பேட்லி, லாங்மன் இருவரும் 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரக்காரர்கள் மொத்தத்தில் குறைவான மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள், நாள் கணக்கில்தான் அதிகமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்குக் கிடைத்த பயிற்சி முறை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது அதிகம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். மெதுவாகப் போகிறோம் என்ற நினைப்பு. ஆக, பயிற்சி நன்றாகப் போகிறதா என்று மனசைக் கேட்காதீர்கள், உடைத்த பிளேட்டைக் கேளுங்கள். உங்கள் இரண்டு மணி நேரம் தாராளம். அதிலும் அரை மணி வெல்டிங், பத்து நிமிடம் ஷீல்டைக் கழற்றி வைத்து உடைத்ததைப் பார்ப்பது, மறுபடி அரை மணி என்று போனால் நல்லது. தோள் கடுத்துக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு எரிக்கிற ராடு உங்களுக்கு நடுக்கத்தைத்தான் பழக்கும்.

கரண்ட் இல்லாதபோதும் பழகலாம். ஷீல்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஹோல்டரில் ராடை மாட்டி, ஆர்க் இல்லாமல் ஜாயின்ட் நெடுக நடந்து பாருங்கள். பைப்பில் இது ரொம்ப முக்கியம். 45 டிகிரி சாய்த்து வைத்த பைப்பில் (6ஜி பொசிஷன் என்பார்கள்) அடியில் ஓவர்ஹெட், பக்கத்தில் வெர்டிகல், மேலே கிட்டத்தட்ட ஃபிளாட் என்று ஒரே சுற்றில் எல்லாம் வந்துவிடும், ராடு கோணம் விரலுக்கு விரல் மாறும். எந்த இடத்தில் முட்டி மடக்க வேண்டும், எங்கே நிறுத்தி நிலை மாற்றலாம் என்பதை ஆர்க் அடித்த பிறகு யோசிக்க முடியாது.

ஒரே பொசிஷனையே அடிப்பதா, மாற்றி மாற்றி அடிப்பதா என்று அடுத்து கேட்பீர்கள். 1978-இல் கெர், பூத் என்ற இருவர் சின்னப் பிள்ளைகளைக் குறிபார்த்துச் சிறு பைகளை எறிய வைத்தார்கள். மூன்றடி தூரத்திலேயே பழகியவர்களைவிட, இரண்டடியும் நாலடியும் மாற்றி மாற்றிப் பழகியவர்கள், தாங்கள் பழகாத அந்த மூன்றடியில் நன்றாக எறிந்தார்கள். இதைப் படித்துவிட்டு முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் கலக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஆர்க் நிற்காதவனுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரீஸ்டார்ட் ஃபிளாட்டில் பிடிபட்ட பிறகு, ஒரு பிளேட் ஃபிளாட், அடுத்தது வெர்டிகல், அடுத்தது ஹாரிசான்டல் என்று கலக்குங்கள். பீட் அசிங்கமாகும், பயப்படாதீர்கள்.

நோட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். திரும்பத் திரும்பப் படிக்காமல், மூடி வைத்துவிட்டு, அண்டர்கட்டுக்கு என்ன காரணம், கேப் பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்று ஞாபகத்திலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் காட்டினார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள்.

இனி 10,000. இந்த எண் அந்த 1993 வயலின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. முன்னணி மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பழகிய நேரத்தின் சராசரி ஏறக்குறைய அவ்வளவு. சராசரி என்றால் அதற்குக் கீழே இருந்தவர்களும் அதில் அடக்கம். 20 வயதில் அவர்கள் நல்ல மாணவர்கள்தான், இன்னும் மேதைகள் ஆகிவிடவில்லை. 2008-இல் வந்த ஒரு பிரபலமான அமெரிக்கப் புத்தகம் இதை விதி மாதிரி ஆக்கிவிட்டது. தன் ஆராய்ச்சியை அப்படிப் படிக்கக்கூடாது என்று எரிக்சனே சொல்லிக்கொண்டிருந்தார். டிரேட் டெஸ்ட் பாஸ் ஆவதற்கும் அந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவர் உலகத் தரத்துக்கு வயலின் வாசிப்பது வேறு, கம்பெனி கொடுக்கிற தரத்துக்கு ஒரு ஜாயின்ட் போடுவது வேறு.

பயிற்சி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2014-இல் ப்ரூக் மெக்னமாராவும் கூட்டாளிகளும் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள திறமை வித்தியாசத்தில் பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது செஸ் மாதிரி விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, களத்தில் ஆடும் விளையாட்டுகளில் 18, தொழில்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதைப் பிடித்துக்கொண்டு "பயிற்சியே வேஸ்ட்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எரிக்சன் தரப்போ, வாத்தியார் பார்த்துக் கொடுத்த பயிற்சியையும் சும்மா ஆடியதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார்கள் என்றது. எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. ஒரே மாதிரி சொல்லிக் கொடுத்தும் ஒருவன் ஒரு மாதத்தில் பிடிக்கிறான், இன்னொருவனுக்கு ஆறு மாதம் ஆகிறது. கைவாகு என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் குறியில்லாமல் மூன்று மாதம் பழகிவிட்டு, அதை வைத்துக் கைவாகு இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. அந்த மூன்று மாதம் எதையும் சோதிக்கவில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு: பழகினது எதுவோ அதுதான் வரும். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் எரிக்சனும் வில்லியம் சேஸும் ஒரு கல்லூரி மாணவனை வைத்துப் பார்த்தார்கள். நொடிக்கு ஒரு இலக்கமாகச் சொல்லச் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஏழு இலக்கம் சொன்னவன், ஏறக்குறைய இரண்டு வருடப் பயிற்சியில் 80 இலக்கம் வரை போய்விட்டான். உடனே எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னார்கள், பழையபடி ஆறுதான். ஞாபக சக்தி என்று பொதுவாக எதுவும் வளரவில்லை, எண் மட்டும்தான் வந்தது. உங்கள் பட்டறையில் வருகிற கிரில், கேட், ஷட்டர் வேலையில் எத்தனை வருடம் இருந்தாலும் பைப் ரூட் வராது. வேலை கற்றுக்கொள்கிறேன் என்று மேஸ்திரி கொடுக்கிற கிரில் டேக்கையே அடித்துக்கொண்டிருந்தால், கிரில் டேக் பிரமாதமாக வரும்.

வந்தது அப்படியே தங்கவும் தங்காது. நம் வேலையில் பரவலாகப் பின்பற்றப்படுகிற, அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் செக்‌ஷன் 9 விதிப்படி, ஒரு முறையில் தகுதி பெற்ற வெல்டர் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டே போடவில்லை என்றால் தகுதி காலாவதி ஆகிவிடும். பழைய ஆள், இருபது வருட அனுபவம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

மேஸ்திரியிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாகப் பழகினால் ஒரு கட்டத்துக்கு மேல் கண் தேறாது. "அண்ணா, நல்லா இருக்கா பாருங்க" என்று கேட்டால், "பரவால்லடா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. "அண்ணா, இதை உடைச்சா எந்த இடத்துல போகும்?" என்று கேளுங்கள். அப்போது குனிந்து பார்ப்பார். விரல் வைத்துக் காட்டுவார். உங்கள் சாக்பீஸ் குறியும் அவர் விரலும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிறுத்தி, எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பல பேருக்கு அதை வாயால் சொல்ல வராது. "பாத்தா தெரியும்டா" என்பார்கள். விடாதீர்கள். அவர் வெல்ட் போடும்போது இரண்டாவது ஷீல்டை வாங்கிப் பக்கத்தில் நின்று கீஹோலை மட்டும் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை இப்படிக் கிடைத்தாலே போதும். பட்டறை மூடுகிற நேரத்தில் கேட்காதீர்கள், காலையில் வேலை தொடங்கும் முன் கேளுங்கள்.

நான் சொன்னதை அப்படியே எல்லா வேலைக்கும் தூக்கிப் போடவும் வேண்டாம். வெல்டிங்கில் உடைத்தால் உண்மை தெரிந்துவிடும். சேல்ஸ், மேனேஜ்மென்ட் மாதிரி செய்தது சரியா என்று தெரியவே மாதக்கணக்காகிற வேலைகளில் இந்த முறை எவ்வளவு செல்லும் என்று உறுதி சொல்ல நான் ஆள் இல்லை.

அடுத்த டெஸ்ட்டுக்கு முன்னால் கான்ட்ராக்டர் ஆபீஸில் போன் போட்டு என்ன ராடு, ரூட் ஆர்கானா (ஆர்கான் வாயுவில் போடுகிற டிக் வெல்டிங்) ஆர்க்கா (ராடு வெல்டிங்), பைப் என்ன சைஸ், எந்த பொசிஷன், மெஷின் இன்வெர்ட்டரா ரெக்டிஃபையரா என்று கேட்டு வையுங்கள். கேட்டால் சொல்வார்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு வாரம் அதை மட்டும் பழகுங்கள். தொடர்ந்து நாலைந்து ஜாயின்ட் குறித்த இடத்தில் குறித்தபடி உடைந்து, ரூட்டில் கோளாறு இல்லாமல் வந்தால் போய்ப் பாருங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெல்டின் மேல் முகம் வேண்டாம். கிரைண்டர் படாத ரூட்டின் பின்பக்கம், பகல் வெளிச்சத்தில், ரீஸ்டார்ட் இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போட்டு.